வண்டி வாங்கும் முன் ஒரு கணக்கு



பலாப்பழக் காலத்தில் நம் புதுக்கோட்டை மாவட்டத்து ஆலங்குடிப் பக்கம் போயிருக்கிறீர்களா? வடகாடு, மாங்காடு, அனவயல், கீரமங்கலம் என்று எந்த ஊர்ச் சாலையில் நின்றாலும் சின்னச் சின்னச் சரக்கு வண்டிகள் போய்க்கொண்டே இருக்கும். விடியும் முன் பூ மூட்டை, பொழுது ஏறினால் வாழைத்தார், திரும்பி வரும்போது உர மூட்டை. தை பிறந்துவிட்டால் அதே வண்டியில் ஜல்லிக்கட்டுக் காளை கம்பீரமாக ஏறி நிற்கும். கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் கடற்கரைக்குப் போனால் அதே மாதிரி வண்டியில் ஐஸ் பெட்டியும் மீனும் போகும்.

இப்போது ஒன்று கற்பனை செய்துகொள்ளுங்கள். உங்கள் வீட்டில் இப்படி ஒரு வண்டி வாங்கப் போகிறார்கள். திண்ணையில் எல்லோரும் கூடியிருக்கிறார்கள். "இழுவை நல்லா இருக்கணும்ப்பா" என்கிறார் தாத்தா. "விலையையும் டீசலையும் பாருங்க" என்கிறார் அம்மா. "எவ்வளவு ஏத்தினாலும் தாங்குற வண்டியா எடுப்போம் அண்ணே" என்கிறார் சித்தப்பா. நீங்கள் என்ன சொல்வீர்கள்?

ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு நடுவில் போய் உட்காருங்கள். "தாத்தா, முதல்ல நம்ம வேலையை எடை போட்டுப் பார்ப்போம்" என்று சொல்லுங்கள். ஆறாம் வகுப்புக் கணக்கும் கொஞ்சம் இயற்பியலும் தெரிந்தால் போதும். இந்தக் கூட்டத்தில் உங்கள் பேச்சுக்குத்தான் மதிப்பு அதிகம்.

வண்டியே சொல்லும் விவரம்

தெருவில் நிற்கும் சரக்கு வண்டியின் பக்கவாட்டைக் கவனியுங்கள். 'யூ.எல்.டபிள்யூ.', 'ஜி.வி.டபிள்யூ.' என்று எழுதி, பக்கத்தில் எண்களைப் பெயிண்டில் எழுதியிருப்பார்கள். முதல் எண் சரக்கு இல்லாத வண்டியின் எடை. இரண்டாவது, வண்டியும் சரக்கும் ஆட்களும் சேர்ந்து இருக்கலாம் என்று அனுமதிக்கப்பட்ட அதிகபட்ச மொத்த எடை. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் எவ்வளவு ஏற்றலாம் என்று தெரிந்துவிடும்.

நம் ஊரில் 'சின்ன யானை', 'குட்டி யானை' என்று அழைக்கப்படும் டாட்டா ஏஸ் 2005 மே மாதம் விற்பனைக்கு வந்தது. அன்றைய வண்டியின் மொத்த எடை வரம்பு 1,550 கிலோ. ஏற்றக்கூடிய சுமை 750 கிலோ. ஏறக்குறைய பாதி வண்டி, பாதி சரக்கு.

இந்த வரம்பை யாரும் மனம் போனபடி எழுதிவிடவில்லை. சக்கரத்தை இணைக்கும் அச்சு எவ்வளவு பாரம் தாங்கும், டயர் எவ்வளவு தாங்கும், ஸ்பிரிங் எவ்வளவு வளையலாம், பிரேக் எவ்வளவு எடையை நிறுத்தும் என்று தனித்தனியே சோதித்து, அவற்றில் எது மிகக் குறைவாகத் தாங்குகிறதோ அதை வைத்தே வரம்பைக் குறிக்கிறார்கள்.

சிலர் பின்பக்க ஸ்பிரிங்கில் கூடுதலாக இரண்டு இரும்புப் பட்டை போட்டுவிட்டு, "இனி கூட ஏத்தலாம்" என்பார்கள். பட்டை கூடினால் ஸ்பிரிங் விறைப்பாகும், வண்டி தாழாது. ஆனால் பிரேக் பழைய பிரேக்தானே? அச்சும் டயரும் பழையவைதானே? பார்வைக்கு வண்டி நிமிர்ந்து நிற்பதால், உள்ளே எவ்வளவு பாடுபடுகிறது என்பது வெளியே தெரியாமல் போய்விடுகிறது. அளவுக்கு மீறி ஏற்றினால் சட்டமும் சும்மா விடாது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் செய்த திருத்தத்தின்படி அபராதம் 20,000 ரூபாய். கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய்.

தொட்டி நிறைந்தால் சரியா?

"பின் தொட்டி நிறையும் வரை ஏத்தலாம்" என்று நினைப்பவர்கள் உண்டு. அதைச் சோதித்துப் பார்ப்போம்.

சின்ன யானையின் பின் தொட்டி ஏறக்குறைய 2 மீட்டருக்குச் சற்று அதிக நீளம், ஒன்றரை மீட்டருக்குச் சற்றுக் குறைந்த அகலம், 30 சென்டிமீட்டர் உயரம். பெருக்கினால் கிட்டத்தட்ட 1 கன மீட்டர் கொள்ளளவு. இப்போது அதைப் பல பொருள்களால் மட்டமாக நிரப்புவோம்.

நெல் நிரப்பினால் ஏறக்குறைய 600 கிலோ. வரம்புக்குள் இருக்கிறது.
தண்ணீர் நிரப்பினால் 1,000 கிலோ. வரம்பைத் தாண்டிவிட்டது.
கருங்கல் ஜல்லி நிரப்பினால் ஏறக்குறைய 1,500 கிலோ. வரம்பைப் போல இரண்டு மடங்கு!

மல்லிகையும் கனகாம்பரமும் ஏற்றினால்? தொட்டிக்கு மேலே ஆள் உயரம் அடுக்கினாலும் எடை சில நூறு கிலோவைத் தாண்டாது. ஒரே இடத்தை அடைத்தாலும் பொருளுக்குப் பொருள் எடை மாறுகிறதே, அதற்குக் காரணம் அடர்த்தி. பள்ளிக்கூடத்தில் நிறையைக் கன அளவால் வகுத்து அடர்த்தி கண்டுபிடிப்பீர்களே, அதே பாடம்தான் இது. புதுக்கோட்டை மாவட்டத்தில் பூவும் உண்டு, கல் குவாரியும் உண்டு. பூ வியாபாரிக்கு நீளமான தொட்டி வேண்டும். ஜல்லி ஏற்றுபவருக்கு வலுவான அச்சு வேண்டும். இருவரும் ஒரே வண்டியை வாங்கினால் ஒருவருக்கு நிச்சயம் நட்டம்.

கோடைக்காலத்தில் பலர் செய்யும் ஒரு தவறையும் குறித்துக்கொள்ளுங்கள். 1,000 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டியைச் சின்ன யானையில் வைத்துத் தண்ணீர் நிரப்புவார்கள். 1 லிட்டர் தண்ணீர் 1 கிலோ. ஆகவே அது 1 டன். "அப்படியென்றால் முக்கால் தொட்டி நிரப்பலாமே" என்று கேட்பீர்கள். அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. முழுதும் நிறையாத தொட்டியில் தண்ணீர் அலையும். வளைவில் திரும்பும்போது அத்தனை எடையும் ஒரு பக்கமாக ஓடிப்போய் வண்டியைச் சாய்க்கப் பார்க்கும். 500 லிட்டர் தொட்டியை முழுதாக நிரப்பி, அசையாமல் கட்டிக் கொண்டுபோவதே நல்லது.

எஞ்சினுக்கு எவ்வளவு பலம்?

டாட்டா ஏஸ் உருவான விதம் சுவையானது. கிரிஷ் வாக் என்ற பொறியாளர் தலைமையில் ஒரு குழு அதை உருவாக்கியது. அந்த நிறுவனத்திடம் இண்டிகா காருக்கான நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சின் இருந்தது. அதன் அளவு 1,405 கன சென்டிமீட்டர். அதில் பாதியாக இரண்டு சிலிண்டர், 702 கன சென்டிமீட்டர் என்று ஒரு எஞ்சினை உருவாக்கினார்கள். அதன் திறன் வெறும் 16 குதிரைத்திறன். இன்று நம் ஊர்ச் சாலையில் ஓடும் சில பெரிய மோட்டார் சைக்கிள்களுக்கு இதைவிட அதிகக் குதிரைத்திறன் இருக்கிறது!

அப்படியானால் மோட்டார் சைக்கிள் 750 கிலோ இழுக்குமா? இழுக்காது. ஏன்? இரண்டு வேறு அளவுகள் இங்கே இருக்கின்றன. ஒன்று, ஒரு விநாடியில் எவ்வளவு வேலை செய்ய முடியும் என்பது. அதுதான் திறன். மற்றொன்று, சக்கரத்தை எவ்வளவு வலுவாக முறுக்கித் திருப்ப முடியும் என்பது. அதுதான் முறுக்கு விசை. மெக்கானிக் பட்டறையில் 'டார்க்' என்பார்கள். மோட்டார் சைக்கிள் எஞ்சின் மிக வேகமாகச் சுழன்று தன் திறனைத் தருகிறது. சரக்கு வண்டியின் டீசல் எஞ்சின் நிதானமாகச் சுழன்று, ஒவ்வொரு சுற்றிலும் வலுவாக முறுக்குகிறது. தாத்தா சொன்ன 'இழுவை' இதுதான்.

பழைய சின்ன யானையின் எஞ்சின் தந்த முறுக்கு விசை ஏறக்குறைய 38 நியூட்டன் மீட்டர். இது போதாது. இங்கேதான் கியர் உதவிக்கு வருகிறது. சிறிய பல்சக்கரம் பெரிய பல்சக்கரத்தைச் சுற்றினால் வேகம் குறையும், முறுக்கு கூடும். முதல் கியரும் பின் அச்சில் உள்ள பல்சக்கரமும் சேர்ந்து முறுக்கை 20 மடங்கு ஆக்குகின்றன என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். 38-ஐ 20-ஆல் பெருக்கினால் 760. சக்கரத்தின் ஆரம் 27 சென்டிமீட்டர் என்றால், 760-ஐ 0.27-ஆல் வகுக்க வேண்டும். சாலையைப் பின்னுக்குத் தள்ளும் விசை ஏறக்குறைய 2,800 நியூட்டன் வருகிறது. அதாவது 280 கிலோவுக்குச் சற்று அதிகமான எடையைத் தூக்கத் தேவைப்படும் விசை. பல்சக்கரங்களின் உராய்வில் கொஞ்சம் வீணாகும். கழித்துவிட்டு 250 கிலோ விசை என்று நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

கண்மாய்க் கரையில் ஒரு பரீட்சை

புதுக்கோட்டை பெரும்பாலும் சமவெளி. பெரிய மலைப்பாதைகள் இல்லை. ஆனால் எந்த ஊரை எடுத்தாலும் ஒரு கண்மாய் இருக்கும், அதற்கு ஒரு கரை இருக்கும். வயலிலிருந்து சாலைக்கு வர அந்தக் கரையில் ஏறித்தான் ஆக வேண்டும்.

10 அடி போனால் 1 அடி உயரும் ஒரு சரிவை எடுத்துக்கொள்வோம். சரிவில் ஏற, மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு விசை வேண்டும். இளகிய மண்பாதையில் சக்கரம் உருளவே எடையில் நூற்றுக்கு 5 பங்கு விசை தேவை என்று வைத்துக்கொள்வோம். நல்ல தார்ச்சாலையில் இது நூற்றுக்கு ஒன்று, ஒன்றரைதான்.

முழுச் சுமையோடு வண்டி 1,550 கிலோ. சரிவுக்கு 155, மண்ணுக்கு 78. ஆக 233. நம்மிடம் இருப்பது 250. ஏறிவிடும்!

இப்போது பின்னால் 750 கிலோ எடையுள்ள டிரெய்லர் ஒன்றையும் மாட்டுவோம். மொத்தம் 2,300 கிலோ. சரிவுக்கு 230, மண்ணுக்கு 115. ஆக 345. நம்மிடம் இருப்பது அதே 250. பாதிக் கரையில் வண்டி நின்றுவிடும். கிளட்ச் சூடாகிக் கருகும் வாடை வரும். தார்ச்சாலையில் சுகமாக இழுத்துப் போன அதே சுமைதான் கரையில் வண்டியைக் கட்டிப்போடுகிறது. சமதளத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு வண்டியை முடிவு செய்யக் கூடாது என்பதற்கு இந்தக் கணக்கு ஒன்றே போதும்.

இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. மழை பெய்த மறுநாள், காலி வண்டி கரையில் வழுக்கும், சுமை ஏற்றிய வண்டி ஏறிவிடும். சின்ன யானைக்குப் பின்சக்கரம்தான் தள்ளும் சக்கரம். ஈரச் செம்மண்ணில், பின்சக்கரத்தை அழுத்தும் எடையில் பத்தில் மூன்று பங்கு விசைக்குத்தான் பிடி கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். காலி வண்டியில் பின்சக்கரத்தின் மேல் 360 கிலோ என்றால் பிடி 108. காலி வண்டி ஏறத் தேவை 120. வழுக்குகிறது! சுமை ஏறியதும் பின்சக்கரத்தின் மேல் 930 கிலோ. பிடி 279. தேவை 233. ஏறுகிறது. எஞ்சினில் எத்தனை பலம் இருந்தாலும் மண்ணில் பிடி இல்லாவிட்டால் அது சக்கரத்தை வீணாகச் சுழற்றத்தான் உதவும்.

இழுப்பதில் இத்தனை இருக்கிறதா?

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தது. ஆலங்குடி, வடகாடு, கீரமங்கலம் பகுதிகளில் தென்னையும் பலாவும் வாழையும் கொத்துக் கொத்தாகச் சாய்ந்தன. சாலையை அடைத்துக் கிடந்த மரங்களை அறுத்து அகற்ற வேண்டியிருந்தது.

500 கிலோ எடையுள்ள ஒரு தென்னந்துண்டைக் கயிறு கட்டித் தரையோடு இழுத்தால், உராய்வை மீற அதன் எடையில் பாதிக்கு மேல் விசை வேண்டும். அதாவது 250 கிலோவுக்கு மேல். சின்ன யானையின் முழு பலமும் ஒரே துண்டுக்குச் செலவாகிவிடும். அதே துண்டைச் சக்கரம் வைத்த டிரெய்லரில் ஏற்றினால், தார்ச்சாலையில் அந்தத் துண்டுக்காகக் கூடுதலாக 10 கிலோ விசை கூடத் தேவைப்படாது. தேய்த்து இழுப்பதை உருட்டி இழுப்பதாக மாற்றியதே சக்கரம் மனிதனுக்குச் செய்த பெரும் உதவி.

கயிறு கட்டி இழுக்கும் இடத்தில் நீங்கள் நிற்கவே கூடாது. விறைத்த கயிற்றில் ஆற்றல் தேங்கியிருக்கும். அறுந்தால் அது சாட்டையைப் போலச் சுண்டும். கயிற்றின் நீளத்தைவிட அதிகத் தூரம் தள்ளி நில்லுங்கள்.

டிரெய்லரில் சரக்கை எங்கே வைப்பது என்பதற்கும் ஒரு விதி உண்டு. மாட்டு வண்டி ஓட்டிய பெரியவர்களிடம் கேட்டால் உடனே சொல்லிவிடுவார்கள். பாரத்தை அச்சுக்கு முன்னால் அதிகம் வைத்தால் முன்பாரம். நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்னால் அதிகம் வைத்தால் பின்பாரம். நுகத்தடி மேலே எழும்பும், பூட்டாங்கயிறு மாட்டின் கழுத்தை இறுக்கும். அதனால் சற்றே முன்பாரம் இருக்கும்படி ஏற்றுவார்கள். இரண்டு சக்கர டிரெய்லருக்கும் இதே விதிதான். டிரெய்லரின் மொத்த எடையில் நூற்றுக்கு 10 முதல் 15 பங்கு, இழுக்கும் வண்டியின் கொக்கியின் மேல் இறங்க வேண்டும். 700 கிலோ டிரெய்லர் என்றால் 70 முதல் 105 கிலோ. பின்பாரமாகிவிட்டால் கொக்கி மேலே தூக்கும். இழுக்கும் வண்டியின் பின்சக்கரம் பிடி இழக்கும். வேகம் கூடும்போது டிரெய்லர் இடமும் வலமுமாக ஆடத் தொடங்கும். ஒருமுறை ஆடத் தொடங்கினால் ஓட்டுநரால் அடக்குவது கடினம்.

இன்னொன்று கவனித்தீர்களா? கொக்கியின் மேல் இறங்கும் அந்த 70, 100 கிலோவும் நம் வண்டி சுமக்கும் எடைதான். 750 கிலோ சரக்கு ஏற்றிவிட்டு டிரெய்லரும் மாட்டினால் அப்போதே வரம்பு மீறிவிட்டது.

டிராக்டர் ஏன் இழுக்கிறது?

"எதிர்வீட்டு டிராக்டர் நாலு டன் இழுக்குதே?" என்று தாத்தா கேட்கலாம். நல்ல கேள்வி. டிராக்டர் இழுப்பதற்கென்றே பிறந்தது. மிகப் பெரிய பின்சக்கரம், மண்ணைக் கவ்வும் கட்டை கட்டையான டயர், மிக மெதுவான கியர்கள், எல்லாவற்றுக்கும் மேலாகப் பின்பக்கம் குவிந்த எடை. அந்த எடையும் போதாது என்று பல விவசாயிகள் பின் டயருக்குள் தண்ணீர் நிரப்புவார்கள். முன்பக்கம் தூக்காமல் இருக்க இரும்பு எடைகளையும் மாட்டுவார்கள். பிடி கூட வேண்டும் என்றால் எடை கூட வேண்டும் என்று கரையில் போட்ட கணக்கு நினைவிருக்கிறதா? அதுதான் இங்கேயும் நடக்கிறது.

அமெரிக்காவில் 1925-இல் ஃபோர்டு நிறுவனம் தன் 'மாடல் டி' காரின் பின்பக்கம் ஒரு சரக்குத் தொட்டியைப் பொருத்தி விற்றது. அங்கிருந்து வளர்ந்த இன்றைய அமெரிக்கப் பிக்கப் வண்டிகள் படகையும் குதிரை ஏற்றிய டிரெய்லரையும் இழுத்துப் போகும். அவற்றின் எஞ்சினும் சேசிஸ் என்னும் அடிச்சட்டமும் மிகப் பெரியவை. நம் ஊர்ச் சிறு சரக்கு வண்டிகள் முதன்மையாகச் சுமப்பதற்காகச் செய்யப்பட்டவை. வண்டியோடு வரும் கையேட்டில் எத்தனை கிலோ டிரெய்லரை இழுக்கலாம் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். போட்டிருக்கவில்லை என்றால் அந்த வண்டியில் கொக்கி மாட்ட வேண்டாம்.

கிளம்புவதைவிட நிற்பது முக்கியம்

இழுவையைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். நிறுத்துவதைப் பற்றித்தான் யாரும் கேட்கமாட்டார்கள். நீங்கள் கேளுங்கள்.

மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி, பிரேக் அழுத்திய பிறகு ஏறக்குறைய 12 மீட்டர் ஓடி நிற்கிறது என்று கொள்வோம். 60 கிலோமீட்டர் வேகத்தில்? 18 மீட்டர் என்று தோன்றும். ஆனால் 27 மீட்டர் ஆகும். ஓடும் பொருளின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. வேகம் ஒன்றரை மடங்கானால் ஆற்றல் இரண்டேகால் மடங்கு. அத்தனையையும் பிரேக் வெப்பமாக மாற்றித் தீர்க்க வேண்டும். ஆபத்தைப் பார்த்து ஓட்டுநர் காலை வைக்க எடுக்கும் ஒரு விநாடியையும் சேருங்கள். 60 கிலோமீட்டர் வேகத்தில் அந்த ஒரு விநாடிக்குள் வண்டி 17 மீட்டர் போய்விடும். மொத்தம் 44 மீட்டர்!

இதில் தனி பிரேக் இல்லாத டிரெய்லரையும் சேர்த்தால்? நிறுத்தும் விசை அதேதான், நிறுத்த வேண்டிய எடை ஒன்றரை மடங்கு. பிரேக் போட்ட பின் ஓடும் தூரமும் ஒன்றரை மடங்கு ஆகிவிடும். பள்ளிக்கூட வாசலில் சாலையைக் கடக்கும் நமக்கு இந்தத் தூரம்தான் உயிர். அதனால்தான் வண்டியின் பக்கவாட்டில் எழுதிய எண்ணை மதிக்க வேண்டும் என்று மீண்டும் மீண்டும் சொல்கிறேன்.

காளை ஏறும் வண்டி

ஆண்டுதோறும் ஜனவரியில், தமிழ்நாட்டின் முதல் ஜல்லிக்கட்டு பெரும்பாலும் நம் மாவட்டத்தில் உள்ள தச்சங்குறிச்சியில்தான் நடக்கும். பல ஊர்களிலிருந்து காளைகள் சரக்கு வண்டியில்தான் வரும். ஒரு காளை 350, 400 கிலோ இருக்கும். இரண்டு காளையை ஏற்றினாலே சின்ன யானையின் வரம்பு நிறைந்துவிடும். கூடவே ஆறு பேர் ஏறிக்கொண்டால் மேலும் 360 கிலோ.

மூட்டை வைத்த இடத்தில் கிடக்கும். காளை அப்படி இருக்காது. அது நிற்கும், நகரும், திரும்பும். அதன் எடை தரையிலிருந்து உயரத்தில் இருப்பதால் வண்டியின் ஈர்ப்பு மையமும் உயர்ந்துவிடுகிறது. வளைவில் வேகமாகத் திரும்பினால் வண்டி கவிழக்கூடும். ஆகவே ஒரு வண்டிக்கு ஒரு காளை, கால் வழுக்காமல் தரையில் வைக்கோல் அல்லது தேங்காய்நார், இரு பக்கமும் அளவான கட்டு, நிதானமான வேகம். காளைக்கும் நல்லது, நமக்கும் நல்லது.

சரக்குத் தொட்டியில் மனிதர்கள் ஏறிப் போவது சட்டப்படி தவறு. திருவிழாவோ துக்க வீடோ, பிடித்துக்கொள்ள இருக்கையும் பட்டையும் இல்லாத இடத்தில் யாரும் பயணம் செய்யக் கூடாது. வீட்டில் யாராவது அப்படிக் கிளம்பினால், "வேண்டாம் மாமா, பஸ்ஸில் போகலாம்" என்று தைரியமாகச் சொல்லுங்கள்.

சைக்கிள் சொல்லித்தந்த பாடம்

வேலையைப் பார்த்து வண்டியைத் தேர்ந்தெடுப்பது புதுக்கோட்டைக்குப் புதிதில்லை. 1990-களின் தொடக்கத்தில் இங்கே அறிவொளி இயக்கம் என்ற எழுத்தறிவு இயக்கம் நடந்தது. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தறிவோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுத்தந்தார்கள். 1992 மகளிர் நாளில் 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் பேரணியாக வந்தார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். அந்தப் பெண்களில் சிலர் ஆண்கள் ஓட்டும் சைக்கிளையே விரும்பினார்கள் என்று அவர் சொல்கிறார். ஏன் தெரியுமா? இருக்கைக்கும் கைப்பிடிக்கும் இடையே உள்ள குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்கார வைத்துக்கொள்ளலாம்!

எது அழகு, எது யாருக்கு என்று கடைக்காரர் சொல்வதை அவர்கள் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. குழந்தையையும் தண்ணீர்க் குடத்தையும் சந்தைச் சரக்கையும் எது சுமக்கும் என்று பார்த்தார்கள். இதைவிடச் சிறந்த வண்டித் தேர்வு எனக்குத் தெரியவில்லை.

முடிவு எடுப்போம்

இனி நோட்டைத் திறந்து உங்கள் வீட்டு வேலைகளை எழுதுங்கள். ஒரு மாதிரி தருகிறேன்.

தினமும்: பூ 150 கிலோ.
வாரம் மூன்று நாள்: வாழைத்தார் 40. ஒன்று 15 கிலோ. மொத்தம் 600 கிலோ.
பலாக் காலத்தில் சில நாள்: பழம் 60. ஒன்று 15 கிலோ. மொத்தம் 900 கிலோ.
ஆண்டுக்குச் சில தடவை: டிரெய்லரில் மரம், மண்.

சந்தையில் பல அளவு வண்டிகள் இருக்கின்றன. 750 கிலோ அளவில் தொடங்கியது சின்ன யானை. 2011-இல் வந்த அசோக் லேலண்ட் தோஸ்த் 1,250 கிலோ சுமக்கும். அது நம் ஓசூரில் உருவாகும் வண்டி. மகிந்திரா பொலேரோ பிக்கப்பில் 1,300 முதல் 1,700 கிலோ வரை வகைகள் உண்டு. 2022-இல் அறிமுகமான மின்சார ஏஸ் 600 கிலோ சுமக்கும். மின்மோட்டாருக்கு ஒரு சிறப்பு இருக்கிறது. சக்கரம் சுழலத் தொடங்கும் கணத்திலேயே முழு முறுக்கு விசையும் கிடைக்கும். நின்று நின்று கிளம்பும் நகர வேலைக்கு அது ஏற்றது. தினமும் எவ்வளவு தூரம் போகிறோம், இரவில் எங்கே சார்ஜ் ஏற்றுவது என்பதை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நம் மாதிரிக் குடும்பத்துக்கு எது சரி? பெரும்பாலான நாள்களில் சுமை 600 கிலோவுக்குள் அடங்கிவிடுகிறது. சின்ன வண்டியே போதும். பலாக் காலத்தில் இரண்டு நடை அடிக்கலாம். டிரெய்லர் வேலைக்கு டிராக்டரை வாடகைக்குப் பிடிக்கலாம். 900 கிலோ சுமை வாரம் முழுவதும் இருந்தால் கணக்கு மாறும். அப்போது ஒவ்வொரு நாளும் இரண்டு நடைக்கு ஆகும் டீசலையும் நேரத்தையும் கூட்டிப் பார்த்தால், 1,250 கிலோ வண்டியே மிச்சம் தரும். மீன் தொழில் செய்யும் குடும்பம் என்றால் இன்னொரு கேள்வியும் சேரும். ஐஸ் கரைந்து வடியும் உப்புநீர் இரும்பைச் சீக்கிரம் துருப்பிடிக்க வைக்கும். தண்ணீர் தேங்காமல் வடிய வழி உண்டா, அடிப்பக்கத்தைத் தினமும் நல்ல தண்ணீரால் கழுவ முடியுமா என்று பார்க்க வேண்டும்.

தினசரி வேலைக்கு ஏற்ற வண்டியை வாங்குங்கள், எப்போதாவது வரும் வேலைக்கு வாடகை வண்டியைப் பிடியுங்கள். இதுதான் விதி.

செய்து பாருங்கள்

1. ஒரு பொம்மை லாரி, ஒரு ரப்பர் பேண்டு, ஒரு அளவுகோல் எடுத்துக்கொள்ளுங்கள். லாரியில் ஒரு கல்லை வைத்து, ரப்பர் பேண்டால் மெதுவாக இழுங்கள். ரப்பர் எத்தனை சென்டிமீட்டர் நீள்கிறது? அதே லாரியைக் கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் அதே கல்லை வைத்து இழுங்கள். இரண்டு அளவையும் ஒப்பிடுங்கள்.

2. ஒரு பலகையைச் சாய்த்து, அதே லாரியை மேலே இழுங்கள். சரிவைக் கூட்டக் கூட்ட ரப்பர் எவ்வளவு கூடுதலாக நீள்கிறது என்று அட்டவணை போடுங்கள்.

3. பெரியவர் ஒருவரை அழைத்துக்கொண்டு உங்கள் ஊர்ச் சரக்கு வண்டிகள் நிற்கும் இடத்துக்குப் போங்கள். ஐந்து வண்டிகளின் பக்கவாட்டில் உள்ள எடை எண்களைக் குறித்து, ஒவ்வொன்றும் எவ்வளவு சுமக்கலாம் என்று கழித்துக் கண்டுபிடியுங்கள். என்ன சரக்கு ஏற்றுகிறார்கள் என்று ஓட்டுநர் அண்ணனிடம் கேளுங்கள். பக்கத்தில் எடை மேடை இருந்தால், வண்டியை எப்படி எடை போடுகிறார்கள் என்றும் பாருங்கள்.

4. வீட்டில் ஒரு வாரத்துக்கு எத்தனை கிலோ சரக்கு போகிறது, வருகிறது என்று நாள்தோறும் எழுதுங்கள். அந்த அட்டவணையை அப்பா அம்மாவிடம் காட்டுங்கள். நாளை உண்மையிலேயே உங்கள் வீட்டில் வண்டி வாங்கும் பேச்சு வந்தால், விற்பனையாளரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி அந்த அட்டவணையிலேயே இருக்கும்.